தரங்கம்பாடியில் யாருடைய பேய் நடக்கும்?

இருட்டும் நேரத்தில் ஒரு பழைய மதுக்கூடத்தின் வாசலில் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். கறுப்பு அங்கியும் உயரமான தொப்பியும் அணிந்த வழிகாட்டி ஒருவர் கையில் விளக்கோடு வந்து அவர்களை அழைத்துச் செல்கிறார். தெருமுனையில் தூக்கிலிடப்பட்டவன், மாடி அறையில் விஷம் குடித்தவள், நிலவறையில் அடைத்து மறக்கப்பட்ட கைதி என்று கதைகள் வரிசையாக வருகின்றன. நடுவே இரண்டு மூன்று மதுக்கூடங்களில் நின்று, ஒரு கோப்பை குடித்து, அந்தக் கட்டடத்தின் பேயைப் பற்றியும் கேட்டுவிட்டுக் கலைகிறார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1973இல் தொடங்கிய நடை ஒன்று உலகின் முதல் பேய் நடை என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. எடின்பரோ, சவானா, நியூ ஆர்லியன்ஸ் என்று பழைய தெருக்கள் மிஞ்சியிருக்கும் ஊர்களிலெல்லாம் இன்று இது நிலைத்த தொழில். இந்தியாவிலும் வந்துவிட்டது, 2023இல் தில்லி சுற்றுலாக் கழகமே மால்ச்சா மஹாலுக்கு இப்படி ஒரு மாலை நடையைத் தொடங்கியது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து விருந்தினரை வரவேற்கும் எந்த ஊருக்கும் இந்த யோசனை ஒருநாள் வந்தே தீரும். டேனியர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்கு அது வந்தால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் இது போகவில்லை. பேய்க்கதை என்பது ஒரு தேர்வு: இறந்தவர்களில் யாரை நினைக்க வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று கதை சொல்பவர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வை மேலைநாட்டு வார்ப்பில் செய்தால், இந்த ஊரில் மிகுதியாகச் செத்தவர்கள் இரண்டாம் முறையும் காணாமல் போவார்கள். அந்த வார்ப்பைவிட வலுவான ஒரு வழி காவிரிக் கடைமடையில் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில், அந்த வார்ப்புக்குத் தரங்கம்பாடி எவ்வளவு எளிதாக இரையாகும் என்று பார்க்க வேண்டும். நகர வாயில் 1792இல் எழுப்பியது. டேனிஷ் மன்னரின் முத்திரை இன்னும் நெற்றியில் இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி, இருபுறமும் தூண் வைத்த பழைய வீடுகள், 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம், வீதி முடியும் இடத்தில் கோட்டையும் கடலும். ஒரு கல் தொலைவுகூட நடக்க வேண்டியதில்லை. கதைக்கும் பஞ்சமில்லை. 1618இன் இறுதியில் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்ட டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயின் கப்பல்களில், 1620இல் இலங்கைக் கரையை எட்டுவதற்குள் பாதிப்பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முன்னோட்டமாக வந்த ஓரெசுண்ட் என்ற கப்பலைப் போர்ச்சுக்கீசியர்கள் காரைக்கால் கடலில் மூழ்கடித்தார்கள்; இருவரின் தலைகள் எச்சரிக்கையாகக் கரையில் ஈட்டியில் குத்தி வைக்கப்பட்டன என்று வரலாறு சொல்கிறது. தப்பிய ரோலண்ட் கிராப்பேயும் 13 பேரும் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சிதான் 1620 நவம்பர் உடன்படிக்கையும், டான்ஸ்போர்க் கோட்டையும். பிறகு 1640களிலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஒவ்வொருவராகக் கொண்டுபோக, எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற சாமானியர் கடைசி டேனியராக எஞ்சி, உள்ளூர் வீரர்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். சொந்த நாடே மறந்துவிட்ட ஒரு கோட்டையில் தனித்து நின்ற மனிதன்! பேய் நடை நடத்துபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதுதான் சிக்கல். இந்தப் பட்டியலில் வருபவர்கள் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். பெயர் உண்டு, பதவி உண்டு, பலருக்குக் கல்லறைக் கல்லும் உண்டு. பேய் நடை கட்டடத்தை நம்பி நடக்கும் தொழில், கட்டடம் உடைமையாளருடையது, ஆகவே பேயும் உடைமையாளருடையதாகவே அமைந்துவிடுகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது எப்படி நடக்கிறது என்று வரலாற்றாய்வாளர் டியா மைல்ஸ் 2015இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சவானாவில் ஒரு மாளிகையின் பேய் நடையில், எஜமானனின் ஆசைக்கு இரையாகித் தூக்கில் தொங்கவிடப்பட்ட மோலி என்ற அடிமைப் பெண்ணின் கதை சொல்லப்படுகிறது. மைல்ஸ் ஆவணங்களைத் தேடிப் பார்த்தார். அப்படி ஒருத்தி இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த வீட்டில் உண்மையிலேயே அடிமைகளாக இருந்தவர்களைப் பற்றி நடையில் பேச்சில்லை. இருந்தவர்களை விட்டுவிட்டு இல்லாத ஒருத்தியைப் படைத்து, அவளது துன்பத்தைச் சிலிர்ப்பாக விற்கிறார்கள். அடிமைமுறையைப் பற்றிப் பேசியது போலவும் ஆயிற்று, எதையும் அறிந்துகொள்ளாமல் வீடு திரும்பவும் முடிந்தது.

நம் பக்கத்து உதாரணம் சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் இருக்கிறது. ஜான் டி மான்டி போர்ச்சுக்கீசிய வழிவந்த வணிகர்; 1821இல் இறந்தார்; தம் சொத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்தார். 2015இல் ‘டிமான்டி காலனி’ திரைப்படம் வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டால் அறக்கொடை யார் நினைவுக்கும் வருவதில்லை, நகையைத் தேடி அலையும் பேய்தான் வருகிறது. திரைப்படத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அது கதை என்று சொல்லியே காட்டப்படுகிறது. ஆனால் இரவு நடை இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி, இங்கேதான் நடந்தது என்று சொல்கிறது. அந்த ஒரு சொல்லாலேயே அதன் பொறுப்பு கூடிவிடுகிறது.

மதுக்கூடத்தைப் பற்றியும் இதே போல் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பேயும் மதுவும் சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோயில், சிறை, சந்தை எல்லாம் இடிந்து மாறிய ஊரிலும் மதுக்கூடம் அதே இடத்தில் முந்நூறு, நானூறு ஆண்டுகள் நின்றிருக்கும். பயணிகள் தங்கியதும், சண்டை மூண்டதும், பிணத்தைக் கிடத்தி விசாரணை நடத்தியதும் அங்கேதான். ஆக, ஊரின் நினைவு சேர்ந்த இடத்திலேயே பேயும் சேர்ந்தது. தரங்கம்பாடியில் அப்படித் தொடர்ந்து வந்த மதுக்கூடம் எதையும் காட்ட முடியாது. குடி இல்லாமல் போகவில்லை. கோட்டையின் தரைத்தளத்து வளைகூரை அறைகளில் வெடிமருந்து, சரக்கு, கைதிகள் ஆகியவற்றோடு மதுப் பீப்பாய்களுக்கும் இடம் இருந்தது. கப்பலில் வந்த மது தீர்ந்ததும் வீரர்கள் திரும்பியது உள்ளூர்ச் சாராயத்தின் பக்கம். பனங்கள்ளை வடித்தும், வெள்வேலம் பட்டையை வெல்லத்தோடு ஊறவைத்துக் காய்ச்சியும் இறக்கிய அந்தச் சாராயத்தைப் பார்த்துச் சோழமண்டலக் கரையின் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் அஞ்சவும் செய்தன, அதில் வருமானம் பார்க்கவும் செய்தன. சென்னைக் கோட்டையில் 1670களிலேயே, ஒருவர் ஒரு வேளைக்கு அரை பைண்டு சாராயத்துக்கு மேல் குடித்தால் ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு வராகனும் குடித்தவருக்குச் சில பணங்களும் அபராதம் என்று விதி வைத்தார்கள். விதி வைக்க வேண்டியிருந்தது என்பதே நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது.

1845இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் தரங்கம்பாடித் துறைமுகத்தின் கதை முடிந்தது. 1886இன் சென்னை ஆப்காரிச் சட்டம் காய்ச்சுவதையும் விற்பதையும் அரசின் இறுக்கமான பிடிக்குள் கொண்டுவந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி நீங்கியது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். இத்தனை முறை அறுந்த கயிற்றில் பழைய மதுக்கூடம் என்ற ஒன்று எப்படித் தொங்கும்? இன்றைக்குத் தரங்கம்பாடிக்காரர் ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டுக் கள் குடிக்க வேண்டுமென்றால், நண்டலாற்றைத் தாண்டிப் புதுச்சேரி அரசின் காரைக்கால் எல்லைக்குள் போக வேண்டும். கடற்கரையோர விடுதி ஒன்றில் பழைய மேசை நாற்காலிகளைப் போட்டு, டேனிஷ் காலத்து மதுக்கூடம் என்று பலகை மாட்டினால் அது வெறும் அரங்க அமைப்புதான். குடியால் குடும்பங்கள் சிதைந்து, கடையை மூடச் சொல்லிப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கும் ஒரு மாநிலத்தில், வெளியூர்க்காரர் கோப்பையோடு ஊர்வலம் போவதை மீனவத் தெருக்கள் எப்படிப் பார்க்கும் என்பதும் சின்னக் கேள்வி இல்லை.

அப்படியானால் பேயும் மதுவும் இங்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையா? நெருங்கிய தொடர்பு உண்டு, திசைதான் வேறு. அதைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார். 1706 ஜூலை 9 அன்று ஹென்ரிக் புளுட்சோவோடு வந்து இறங்கிய புராட்டஸ்டன்ட் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் கற்று, ஊராரிடம் கேட்டும் கடிதம் எழுதி விளக்கம் பெற்றும், தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை விவரிக்கும் நூலை 1713இல் எழுதி முடித்தார். மும்மூர்த்திகளோடு நின்றிருந்தால் அது மற்றுமொரு நூலாகப் போயிருக்கும். அவர் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, பத்திரகாளி என்று ஊர்த் தெய்வங்களுக்குத் தனிப்பகுதியே ஒதுக்கினார். இவை பேய்களை அடக்கி ஊரைக் காக்கின்றன என்ற நம்பிக்கையையும், ஆடு, கோழி, பன்றிப் பலியையும், சாராயப் படையலையும் எழுதிவைத்தார். அவருடைய மதத்துக்கு அது ஒவ்வாதது. இருந்தும் கூடியவரை சொன்னவர்கள் சொன்னபடியே எழுதினார். ஹாலே நகரில் இருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்ற எண்ணத்தில் அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மான் அதைப் பதிப்பித்தார். தரங்கம்பாடியின் பேய்கள் 154 ஆண்டுகள் ஓர் அலமாரியில் கிடந்தன என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் படையலைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. காவிரிக் கடைமடையில் மதுரைவீரனுக்கோ காத்தவராயனுக்கோ முனீஸ்வரனுக்கோ படைக்கும்போது, தலைவாழை இலையில் சோறும் கறிக்குழம்பும் கருவாடும் அவித்த முட்டையும் வைப்பார்கள். பக்கத்தில் சாராயம். இப்போது அது டாஸ்மாக் பாட்டிலாக மாறியிருக்கிறது; மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், மூடிய பாட்டிலை வைத்தால் படைத்ததாகாது. சுருட்டைப் பற்றவைத்து, புகை வரும்படி இலையோரம் சாய்த்து வைப்பார்கள். கொஞ்ச நேரம் திரையை இழுத்துவிட்டோ, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோ நிற்பார்கள். முதல் வாய் அவருக்கு. பிறகுதான் மற்றவர்களுக்கு. யார் அவர்? காத்தவராயன் கழுவில் ஏற்றப்பட்டவன். மதுரைவீரன் மாறுகை மாறுகால் வாங்கப்பட்டவன். சாதி கடந்த உறவுக்காகவோ அதிகாரத்தின் சந்தேகத்துக்காகவோ கொல்லப்பட்டவர்கள் இவர்கள். கொன்றவர்களின் வாரிசுகளும் சேர்ந்து இவர்களைக் கும்பிட வேண்டியிருக்கிறது. யார்க் நகரத்து நடையில் குடிப்பவர் கேட்க வந்தவர்; இங்கே குடிப்பவர் செத்தவர். அங்கே பேய் வேடிக்கை காட்டுகிறது, இங்கே கடனை வசூலிக்கிறது.

இது பிற்காலத்து நாட்டார் வழக்கம் மட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. தரங்கம்பாடியிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் பூம்புகார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை அந்த நகரத்துச் சுடுகாட்டைக் காட்டுகிறது. எரிப்பது, அப்படியே இட்டுப் போவது, குழியில் புதைப்பது, தாழியில் கவிப்பது என்று பிணத்துக்குச் செய்யும் முறைகள் பலவும் அங்கே வருகின்றன. முனிவருக்கும் அரசருக்கும் கணவனோடு இறந்த மனைவிக்கும், நால்வகை வருணத்தின் வேறுபாடு தெரியும்படி, குட்டையும் நெட்டையுமாகச் சுட்ட செங்கல்லால் கோட்டங்கள் எழுப்பியிருந்தார்கள் என்றும் அந்தக் காதை சொல்கிறது. அங்கே இரவில் வழி தப்பிப் போன சார்ங்கலன் என்ற பிராமணச் சிறுவன், தலையொன்றைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேயைப் பார்த்து அஞ்சி உயிர்விடுகிறான். தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய் நகரத் தெய்வமான சம்பாபதியிடம் நியாயம் கேட்கிறாள். எவருக்கு எவ்வளவு உயரத்தில் கல்லறை என்பதும், செத்தவருக்காக நியாயம் கேட்கும் குரலும் ஒரே காதையில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தெற்கே போனால் காரைக்கால். தம்மைக் காரைக்கால் பேய் என்றே அழைத்துக்கொண்ட அம்மையாரின் ஊர். அழகு போய்ப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற அவர் போய்ச் சேர்ந்த திருவாலங்காட்டுக்கு அருகில்தான் பழையனூர் நீலியின் கதையும் நடக்கிறது. கொன்ற கணவனைப் பழிவாங்கப் பெண்ணாக வந்து நின்ற நீலியை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அந்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது மரபு. நம் பேய்க்கதைகளின் நடுவில் பெரும்பாலும் ஒரு வழக்கு இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குத் திரும்பினால், நடக்க வேண்டிய பேய்களின் வரிசை மாறிவிடுகிறது. 1707 மே 12 அன்று சீயோன் ஆலயத்தில் சீகன்பால்குவிடம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பிறப்பு என்று கொண்டாடப்படும் அந்த நாள், ராஜ வீதியின் தூண் வைத்த வீடுகளுக்குப் பின்கட்டில் யார் இருந்தார்கள் என்பதற்கும் சான்று. அந்த வீடுகளுக்கு வெளியே இன்னும் பெரிய கணக்கு இருக்கிறது. 1659 முதல் 1661 வரை படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூறையாடியபோது, எண்ணாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை விலைக்கு வாங்கப்பட்டு டச்சுக் கப்பல்களில் யாழ்ப்பாணத்துக்கும் மலாக்காவுக்கும் படாவியாவுக்கும் ஏற்றப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நெல் விளையும் நாட்டில், ஒரு படி அரிசிக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை விற்ற காலம் அது. கொங்ஸ்பக்கே தனியாகக் கோட்டையைக் காத்ததும் இதே ஆண்டுகளில்தான். கோட்டைக்குள் தனித்திருந்த ஒருவர் கதைத்தலைவர் ஆவதற்கும், கோட்டைக்கு வெளியே பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானோர் காட்சிப் பின்னணியாகக்கூட வராமல் போவதற்கும் காரணம், அவர் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்ததுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: டேனியர்கள் எல்லோரையும் எஜமானர்கள் என்று ஒரே கூடையில் போடலாமா? கூடாது. இந்த மறுப்பு நியாயமானது. பாதி வழியில் கடலில் வீசப்பட்ட மாலுமிகள் டென்மார்க், நார்வே நாடுகளின் ஏழைப் பிள்ளைகள். 1620களில் கோட்டையில் பீரங்கி வீரராக இருந்த ஐஸ்லாந்துக்காரர் யோன் ஓலாப்சன், வெடிமருந்து விபத்தில் கைகள் சிதைந்து ஊர் திரும்பினார். முதுமையில் அவர் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு சாதாரண வீரனின் கண்ணில் தரங்கம்பாடி தெரிகிறது. சீகன்பால்குவே ஆளுநரோடு மோதி 1708இன் இறுதியில் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைபட்டிருந்தவர். நான் சொல்லும் அளவுகோல் தோல் நிறத்தை அளப்பதில்லை. கணக்கில் வராமல் செத்தவர் யார் என்றே கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பெயர் தெரியாத டேனிஷ் மாலுமியும் விடையாவான், பெயர் தெரியாத தஞ்சைச் சிறுமியும் விடையாவாள்.

இன்னும் கடுமையான மறுப்பு பகுத்தறிவாளர்களிடமிருந்து வரும். பேய் என்ற சொல்லையே பொதுவெளியில் மதிப்போடு நடமாட விடக்கூடாது என்பார்கள். அவர்கள் பக்கம் வெறும் கொள்கை மட்டும் இல்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், பேய் பிடித்தவர்கள் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர், சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் தீயில் வெந்து செத்தார்கள். பேயோட்டுவதாகச் சொல்லிப் புதுப்பெண்களை அடிப்பதும் முடியைப் பிடுங்குவதும் இன்னும் நின்றபாடில்லை. இதை லேசாக எடுத்துக்கொள்பவர் இரவு நடை நடத்தத் தகுதியற்றவர். ஆனால் இந்த மறுப்பு குறிவைக்க வேண்டியது, உயிரோடிருப்பவர் மேல் பேய் ஏறியிருக்கிறது என்ற நம்பிக்கையை. செத்தவரின் கதையை ஆதாரத்தோடு சொல்வது வேறு செயல். சொல்லப்போனால் ஆதாரமில்லாத பேய் நடைதான் அந்த நம்பிக்கைக்குத் தீனி போடுகிறது. இங்கே சத்தம் கேட்டது, அங்கே நிழல் தெரிந்தது என்று முடிக்கும் கதை, கேட்பவரிடம் பயத்தைத் தவிர வேறெதையும் விட்டுச்செல்வதில்லை. இன்ன ஆவணம் இதைச் சொல்கிறது, இதற்கு மேல் ஊர்க்கதை என்று எல்லை கட்டிச் சொன்னால், கேட்பவர் இரண்டையும் பிரித்தறியப் பழகுவார். ஊர்க்கதைக்கும் அதற்குரிய மதிப்பு உண்டு. யார்க் நகரின் ஒரு பழைய மாளிகை நிலவறையில் 1953இல் ஹாரி மார்ட்டின்டேல் என்ற குழாய் வேலைப் பயிற்சியாளர், ரோமானிய வீரர்கள் முழங்காலுக்கு மேல் மட்டும் தெரிய நடந்துபோனதைக் கண்டதாகச் சொன்னார். பழைய ரோமானியச் சாலை அந்தத் தரைக்குக் கீழே ஓடுகிறது என்பது அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்தி. அவர் கண்டதை நம்பாதவர்கூட, காலுக்கடியில் வேறொரு நகரம் இருப்பதை அந்தக் கதையால் மறக்கமாட்டார்.

பிழைப்பைச் சொல்லி வரும் மறுப்பும் இருக்கிறது. அடிமைகளையும் பஞ்சத்தையும் பற்றிக் கேட்க யார் பணம் கொடுத்து வருவார்கள், ஊருக்கு நாலு காசு வரட்டுமே என்பார்கள். தரங்கம்பாடிக்கு அந்தக் காசு தேவை என்பதில் ஐயமில்லை. மாயவரத்திலிருந்து வந்த ரயில் 1986இல் நின்றுபோன ஊர் இது. சுனாமிக்குப் பிறகு பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக்கும் டேனிஷ் ஆர்வலர்களும் சேர்ந்து பழைய வீடுகளைச் சீரமைத்ததால் ஓரளவு விருந்தினர் வருகிறார்கள். ஆனால் இவ்வளவு தூரம் வருகிறவர் இங்கே மட்டுமே கிடைப்பதைத் தேடித்தான் வருகிறார். விளக்கும் தொப்பியும் அவருக்கு எடின்பரோவிலேயே கிடைத்துவிடும். நடிப்பும் அங்கே இன்னும் தேர்ச்சியாக இருக்கும். பக்கத்தில் திருக்கடையூரில் எமனை உதைத்த சிவனுக்கு முன்னால் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள நாள்தோறும் எத்தனை குடும்பங்கள் வருகின்றன! சாவைப் பற்றிய பேச்சு இந்தப் பகுதிக்கு வருபவரை விரட்டிவிடும் என்ற கணக்கு தவறானது.

ஒரே ஒரு மறுப்புக்கு முன்னால் என் வாதம் நின்றுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறிவந்து கொண்டுபோனவர்களைப் பற்றியது அது. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஆறாயிரம் பேருக்கு மேல், தரங்கம்பாடியை அன்று உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அவர்களுடைய தாயும் தம்பியும் இன்னும் அதே கரையில் வலை பின்னுகிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கடலில் பாலை ஊற்றிப் பூவைத் தூவி அழுகிறார்கள். கணக்கில் வராமல் செத்தவருக்குக் கதை வேண்டும் என்று சொல்லிவிட்டு இவர்களை விடலாமா என்று கேட்கலாம். விட வேண்டும் என்பதே என் முடிவு. இவர்களுக்காகப் பேச உயிரோடு ஆள் இருக்கிறது. நினைக்கும் முறையை அவர்களே வகுத்திருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேருக்குக் கீழ்வெண்மணியில் எழுப்பிய நினைவிடமும் அப்படித்தான். அதைப் பேய்க்கதையாக்க யாரும் துணிந்ததில்லை, துணியவும் கூடாது. நினைவுகூர வாரிசும் இயக்கமும் இருக்கும் இடத்தில் வெளியார் கதை தேவையில்லை. 1660இல் மலாக்காவுக்கு ஏற்றப்பட்ட சிறுமிக்கு அப்படி யாரும் இல்லை, அவள் பெயர்கூட இங்கே இல்லை.

இந்த வழியில் ஓர் இரவு நடை அமைந்தால் அது எங்கே தொடங்கும்? என் கருத்தில் 1305ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலில் தொடங்க வேண்டும். டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டிய அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. டென்மார்க்கில் ஆரம்பிக்காத ஒரு கதை இந்த ஊருக்கு உண்டு என்பதை அது ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லிவிடும். அங்கிருந்து கோட்டைக்கு. அங்குள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் மாலையில் மூடிவிடும். மாதத்தில் சில இரவுகளாவது தரைத்தள அறைகளைத் திறந்துவிட அரசு ஒப்ப வேண்டும். பீப்பாய் வைத்த அறையும் கைதியை வைத்த அறையும் ஒரே தளத்தில் இருப்பதை நேரில் காட்டாமல் இந்த ஊரின் குடிக் கதையைச் சொல்ல முடியாது. பிறகு சீயோன் ஆலயத்தின் வாசலில் அந்த ஐந்து பேரைப் பற்றி. ராஜ வீதியில் வீடுகளின் முகப்பைவிடப் பின்கட்டைப் பற்றி அதிகம். மதுவைப் பொறுத்தவரை, நடையில் யாருக்கும் கோப்பை கொடுக்க வேண்டியதில்லை. சாராயம் யாருக்குப் படைக்கப்படுகிறது, ஏன் என்பதை அந்தப் படையலைப் போடும் குடும்பத்தார் ஒருவரே வந்து சொன்னால் போதும். சொல்வதா வேண்டாமா, எந்த அளவுக்குச் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமையும், சொல்வதற்கான கூலியும் அவருடையவை.

வழிகாட்டிகளைப் பயிற்றுவிப்பதுதான் கடினமான பகுதி. அதற்கான மூலங்கள் மூன்று இடங்களில் கிடக்கின்றன. கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கணக்குகளும், இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னோலையில் அனுப்பிய கடிதமும் இருக்கின்றன. ஹாலேயில் மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும். நமக்கு மிக அருகில், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டேனிஷ் ஆட்சியின் பிற்கால ஆவணங்கள் உள்ளன. டேனிஷ் மொழியும் பழைய ஜெர்மன் கையெழுத்தும் படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். வீட்டுச் சொத்துப் பட்டியலில் நாற்காலிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அடிமையாக யார் பெயராவது எழுதப்பட்டிருக்கிறதா, திருமுழுக்குப் பதிவேட்டில் தாய் பெயர் விடுபட்ட குழந்தைகள் எத்தனை, கப்பல் சரக்குக் கணக்கில் துணிக்கட்டுகளோடு ஆட்களும் ஏறியிருக்கிறார்களா என்று பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்துக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் நான்கு மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மொழிப்பயிற்சியும் உதவித்தொகையும் கொடுத்தால் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரு பழைய வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க ஆகும் செலவைவிட அது அதிகமாக இருக்காது.